கையெழுத்திடாத படிவம்

அந்தச் சிறுமி ஊதா நிற ஓட்டக் காலணிகளைக் காலில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் பயிற்சிக்கு முன் அழுக்காகிவிடக் கூடாதாம். பன்னிரண்டு வயது கறுப்பினப் பெண். பள்ளி ஓட்ட அணியில் சேர மருத்துவரின் கையெழுத்து கேட்டு, அம்மாவோடு என் கிளினிக்குக்கு வந்திருந்தாள். நான் குழந்தை மருத்துவர். வீடு வெஸ்ட் வின்ட்சர் என்ற வசதியான அமெரிக்கப் புறநகரில். கிளினிக் அங்கிருந்து அரை மணி நேரத் தொலைவில், வேறொரு உலகத்தில்.

எடை மிக அதிகம். ரத்த அழுத்தம் சற்றுக் கூடுதல். ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்கு இல்லை. அது எனக்கு அன்றே தெரியும். ஆனால் மைதானத்தில் ஏதாவது ஆகிவிட்டால் என் பெயர் அல்லவா அடிபடும் என்று பயந்தேன். "கொஞ்சம் வெயிட் குறையட்டும். மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றேன்.

பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அந்த அம்மா சொன்னது எனக்குள் தமிழாகவே தங்கிவிட்டது.

"வேற எங்க ஓடுவா, டாக்டர்? பார்க்ல துப்பாக்கிச் சூடு நடந்ததிலேர்ந்து, ஸ்கூல் விட்டா வீட்டுக்குள்ளதான். நான் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் கதவைத் திறக்காதேன்னு சொல்லி வச்சிருக்கேன். இந்த டீம் ஒண்ணுதான் அவளுக்கு வழி."

தினமும் நடக்கச் சொல்லும் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன்.

அதே வாரம் என் மகளின் கால்பந்துப் படிவத்தில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே, டாக்டர் தோழி ஒருத்தி கையெழுத்திட்டாள். என் மகளும் குண்டுதான். தோழி அவள் நாடியைக்கூடப் பார்க்கவில்லை. "ஓடினா எல்லாம் சரியாயிடும்டி" என்றாள். நான் தோழிக்கு இன்னொரு தோசை வைத்தேன்.

மூன்று மாதம் கழித்து அவர்கள் வரவில்லை. தொலைபேசி எண்ணும் மாறியிருந்தது.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, போன மாதம், அந்தப் பெண் தனியாக வந்தாள். உள்ளே வந்து உட்காருவதற்குள் மூச்சு வாங்கியது. சர்க்கரை நோய் என்று பரிசோதனை முடிவு சொன்னது. வழக்கமான கேள்வி வாயில் வந்துவிட்டது.

"எக்சர்சைஸ் ஏதாவது பண்றியா?"

"நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் நான் எழுதிவைத்த மருந்துச் சீட்டைக் கையில் எடுத்து வாசிக்கத் தொடங்கியிருந்தாள்.

"சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா, டாக்டர்?"

பின்னால் என்றேன்.