சுவரில் மட்டும் இருந்த கம்பிவலை

பீன்யா தொழிற்பேட்டையில் உள்ள ஒரு தொழிற்சாலையில் நான் நிர்வாக அதிகாரி. பத்திரிகைக் கதைகளுக்குப் படம் போடும் ஓவியர் ஒருவர், எங்கள் கேன்டீன் சுவரில் தகடு வெட்டும் பிரஸ் மிஷினையும் அதை ஓட்டும் முருகேசனையும் அச்சு அசலாக வரைந்திருந்தார். மிஷினில் பாதுகாப்புக் கம்பிவலை கிடையாது, படத்திலும் இல்லை. அந்த மிஷின் முருகேசனின் வலது கை விரல்களைத் துண்டித்தது.

விசாரணைக்கு முன் ஓவியரை அழைத்து, வலையை வரையச் சொன்னேன்.

"இல்லாதத எப்படி சார் போடறது?"

"பத்திரிகைல ராணிங்கள நேர்ல பாத்துட்டா போடறீங்க? போடுங்க. ஆபீஸ் சுவர்ல வரையற வேலையும் உங்களுக்குத்தான்."

போட்டார். விபத்துக்கு முந்தைய படம் என்று விசாரணையில் அதைக் காட்டினேன். வலையைக் கழற்றியது முருகேசனே என்று முடிவாகி, இழப்பீடு மறுக்கப்பட்டது.

கணக்கு முடித்து வேலையிலிருந்து அனுப்பிய நாளில் அவன் சுவரைப் பார்த்தான். "வலைய போட்டவரு, என் விரல அழிக்க மறந்துட்டாரு சார்."

கையெழுத்துக்குப் பதில் ரேகை கேட்டேன். ஆண்களுக்கு இடது பெருவிரல்தான் விதி. அது அவனிடம் இருந்தது எனக்கு வசதியாகப் பட்டதை இன்னும் மறக்க முடியவில்லை.