சத்தம் நின்ற கழுதை

பிள்ளைகளா, உங்கள் அப்பா அதிகம் படித்தவன் இல்லை. விருந்தினர் வந்து தங்கும் பண்ணையில் ஆடு, மாடு, கழுதைகளைப் பார்த்துக்கொள்பவன். அங்கே நான் செய்த ஒரு தப்பை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

பள்ளங்கி ஊருக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் பண்ணையில் இரண்டு கழுதைகள். சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டை, பழுப்பில் ஒரு ஆண். ஒன்றின் கழுத்தில் மற்றது தலையைப் போட்டுக்கொண்டு நிற்கும். போன வருஷம் எங்கள் முதலாளி மேடத்தின் தோழி ஒருவர் கவுஞ்சியில் இதேபோல் பண்ணை தொடங்கி, ஒரு கழுதை கேட்டார்.

"பிரிச்சா ஒண்ணும் ஆகாதே?" என்று மேடம் என்னைக் கேட்டார்.

"கன்னுக்குட்டிய வித்தா தாய்மாடு மூணு நாள் கத்தும் மேடம். அப்புறம் மறந்துரும். இதுவும் அப்படித்தான்" என்றேன். காலமெல்லாம் மாட்டைப் பார்த்தவனுக்கு வேறென்ன தெரியும்?

பழுப்பைக் கவுஞ்சிக்கு ஏற்றி அனுப்பிய அன்று சாம்பல் பொழுதுக்கும் கத்தியது. அறைகளில் தங்கியிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். மறுநாள் சத்தம் நின்றது. வாய் தீவனத்தொட்டிக்குள் இருந்தது, தாடை அசைந்தது. "அடங்கிருச்சு மேடம்" என்று நானே போய்ச் சொன்னேன்.

மூன்றாம் நாள் வெள்ளனே கொட்டகை கூட்டப் போன உங்கள் அம்மா கத்தினாள்.

"ஏங்க, இங்க வாங்க! நேத்தும் அள்ள விட்டை இல்ல, இன்னைக்கும் இல்ல. திங்கிற கழுதை விட்டை போடாதா?"

தொட்டியைக் கிளறினேன். வைக்கோல் புரண்டிருந்தது, குறையவில்லை. அது மென்றதெல்லாம் வெறும் வாய்!

மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் குரல் மாறிவிட்டது.

"குதிரைக்கு வயித்துவலின்னா உருண்டு காட்டும். கழுதை காட்டிக்காதுய்யா. பட்டினி கெடந்தா ஒடம்புக் கொழுப்பெல்லாம் ரத்தத்துல எறங்கி ஈரல் போயிரும். நான் மதியம் வர்றேன். அதுக்குள்ள அதோட சோடிக் கழுதையக் கொண்டாந்துரு."

நானும் டிரைவரும் பிக்கப் வண்டியில் கவுஞ்சிக்கு ஓடினோம். வழியெல்லாம் மஞ்சு மூடி ரோடே தெரியவில்லை. பூம்பாறை வளைவுகளில் வண்டி ஊர்ந்தது. அங்கே போனால், பழுப்பு வண்டியில் ஏற மாட்டேன் என்று முன்கால்களை ஊன்றிக்கொண்டது.

"அண்ணே, வாலை முறுக்குங்க. தன்னால ஏறும்" என்றார் டிரைவர்.

"முறுக்குனா இங்கனயே பொழுது சாஞ்சிரும். குதிரைன்னா பயந்து ஓடிரும். இது நின்னு யோசிக்கும்."

"யோசிச்சு என்ன கலெக்டராவா ஆகப்போகுது? வெரசாப் பாருங்கண்ணே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கயிற்றைத் தளர்த்தினேன். வண்டியின் தகரத்தில் குளம்பு பட்டால் டங்கென்று சத்தம் வரும், அதுதான் அதற்குப் பயம். மண்ணை அள்ளிப் போட்டு, மேலே வைக்கோல் பரப்பினேன். அது மோந்தது. ஒரு கால் வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. அரைமணி நேரம் போயிருக்கும். பிறகு, யாரும் இழுக்காமல், தானே ஏறியது.

திரும்பி வந்தபோது சாம்பல் சுவரைப் பார்த்து நின்றது. வண்டிச் சத்தத்துக்குத் திரும்பவே இல்லை. பழுப்பு இறங்கி நேரே போய் அதன் பிடரியை மெல்லக் கடித்தது. ஒரு காது எழுந்தது. அவ்வளவுதான்.

டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். "பொழச்சிருச்சுன்னு இன்னைக்குச் சொல்ல மாட்டேன்" என்றார். சாயங்காலம் பழுப்பு தின்னத் தொடங்கியதும், பக்கத்தில் இருந்த சாம்பல் ஒரு வாய் எடுத்தது. நான் குனிந்து அதன் வாயையே பார்த்தேன். மென்றது. விழுங்கியது. இரண்டு நாள் கழித்துத்தான் டாக்டர் முகம் தெளிந்தது.

அடுத்த வாரம் அந்தத் தோழி மறுபடி கழுதை கேட்டுக் கவுஞ்சியிலிருந்து போன் செய்தார். மேடம் போனை என் கையில் கொடுத்தார்.

"ரெண்டையும் சேத்து எடுத்துக்கிடுங்கம்மா, இல்லன்னா ஒண்ணும் வேணாம். போன தடவ மேடத்துக்குத் தப்பாச் சொன்னது நான்தான்" என்றேன். மேடம் என்னைத் திட்டவில்லை. அதுதான் கூடுதலாகக் கூச்சமாக இருந்தது.

கழுதைகள் இரண்டும் எங்களிடமே இருக்கின்றன. கவுஞ்சிப் பண்ணையில் இப்போது வாத்து வளர்க்கிறார்கள்.