மழைக்குள் எறிந்த அட்சதை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பால் விடாத பிளேன்டியை ஆற்றிக்கொண்டிருந்தபோது கைபேசியில் ஒரு குரல்பதிவு வந்தது. "சார், செல்வமணி ஸ்தபதி பையன் பேசறேன். அப்பா நேத்து தவறிட்டாங்க. உங்களுக்காவது சொல்லணும்னு தோணிச்சு."

அந்த 'உங்களுக்காவது' என்னைச் சுட்டது. நாவலப்பிட்டியில் அவர் கைபட்ட கோபுரத்தைத் தினமும் கும்பிட்டுப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கோபுரத்துக்குச் சுதைச் சிற்பங்கள் செய்ய, கும்பகோணம் பக்கத்திலிருந்து அவரை ஆலயக் குழுவினர் அழைத்து வந்தார்கள். என் வீட்டுப் பின்னறையில் தங்கினார். போன வருஷம் பங்குனியில் வந்தவர், ஆனியில் வேலையை முடித்துவிடலாம் என்று நம்பினார். நம் ஊர் மழையை அவர் அறியமாட்டார். வைகாசியில் பிடித்தது, விடவே இல்லை. பூசிய சாந்து காயவில்லை. அது காயாமல் வர்ணம் பூச முடியாது. அவருடைய வேட்டியை என் மனைவி அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்துவாள். "தினம் ஹோமம் பண்ற ஐயரு மாதிரி மணக்கறேம்மா" என்று சிரிப்பார். காலையில் வாசலில் நின்று மழையோடு சண்டை போடுவார்: "எங்க வயலு காஞ்சு கெடக்கு. அங்க போய்ப் பெய்யேன். இங்க என்ன வேலை உனக்கு?"

ஆவணியில் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். ஒரு வாரம் ஊருக்குப் போய்வரக் கேட்டார். அவருடைய கடவுச்சீட்டோ குழுத் தலைவர் வீட்டு அலுமாரியில் இருந்தது. வந்த அன்றே 'பத்திரமாக இருக்கட்டும்' என்று வாங்கி வைத்துவிட்டார்கள். அவருக்குத் துணையாக நானும் போனேன். தலைவர் எங்களுக்குக் கதிரை போட்டுத் தேநீரும் கொடுத்தார்.

"என்னாங்க மாஸ்டர், வெளிநாட்டு ஆளு. போனா திரும்பி வருவாரா? கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிச்சாச்சு. நாளைக்கு ஊரு எங்களத்தான் கேக்கும்."

"மக கல்யாணங்க" என்றேன்.

"சாமி காரியத்த விடவா? நீங்களே சொல்லுங்க."

செல்வமணி ஒன்றே ஒன்று கேட்டார். "ஐயா, மழையில காயாத சாந்து, நான் இங்க இருந்தா மட்டும் காஞ்சிடுமா?"

தலைவர் தேநீரைக் குடிக்கச் சொன்னார்.

அடுத்த வாரமும் போனேன். தலைவர் கொழும்புக்குப் போயிருந்தார். அலுமாரிச் சாவியும் அவரோடு போயிருந்தது. பிள்ளை ஓடிவிடும் என்று புத்தகப்பையைப் பறித்து வைத்துக்கொள்ளும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை வகுப்பு வாங்கில் உட்கார்ந்துதான் இருக்கும். பாடம் மட்டும் காதில் ஏறாது. செல்வமணியும் அப்படித்தான் நனைந்த கோபுரத்தின் கீழே உட்கார்ந்திருந்தார்.

கல்யாணத்தன்றும் மழை. கோபுரத்தடியில் கட்டிய தறப்பாளுக்குக் கீழே நின்று கைபேசியில் பார்த்தார். என் மனைவி அரிசியில் மஞ்சள் கலந்து கொடுத்தனுப்பியிருந்தாள். படம் நின்று நின்று வந்தது. கெட்டிமேளம் கேட்டதும் கையை உயர்த்தினார். எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் தடுமாறினார். பிறகு மழைக்குள் எறிந்தார்.

"போய்ச் சேருமா சார்?"

"சேரும்" என்றேன்.

கும்பாபிஷேகம் எப்படியும் தை மாதத்துக்குத் தள்ளிப்போனது. அதற்கு முன் சிற்பங்களுக்குக் கண் திறந்துவிட்டு இறங்கி வந்தவர், தலைவர் நின்ற பக்கம் பார்த்துச் சொன்னார்: "இனிமே எல்லாரையும் இந்தச் சாமிங்க பாத்துக்கிட்டே இருப்பாங்க சார். பாக்கட்டும்." விழா மேடையில் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஸ்தபதிக்கு அவருடைய கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது மகள் கணவரோடு மஸ்கட்டில் இருந்தாள். அதன்பிறகு தகப்பனும் மகளும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

குரல்பதிவைக் கேட்ட அன்று மாலை மகனை அழைத்தேன். இங்கே மறுபடியும் மழை பிடித்திருந்தது. அவர் குரல் விட்டு விட்டுத்தான் கேட்டது.

"தங்கச்சி வர முடியல சார். வயித்துல எட்டு மாசம். பிளைட்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க. போன்லதான் பாத்தா. வாய்க்கரிசி போடற நேரத்துல அவளும் கையில அரிசியோட நின்னா. 'எங்கண்ணே போடறது'ன்னு அழுதா."

செல்வமணியின் கைவேலை கோபுரத்தில் இருக்கிறது. அது ஊருக்குச் சொந்தம். என்னிடம் இருப்பது அவர் கேட்ட அந்தக் கேள்வி மட்டும்தான். போய்ச் சேருமா? அன்றைக்குத் தகப்பனுக்குச் 'சேரும்' என்று சொல்லிவிட்டேன். மகனிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.