முதல் கிளாஸ்

திருக்காட்டுப்பள்ளி பேருந்து நிலையம், காலை ஆறு மணி. டீக்கடை நடத்தும் ஆரோக்கியமேரி என்னிடம் கிளாஸை நீட்டிவிட்டு, நகராமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"எப்படி இருக்குன்னு சொல்லுங்க சார். தவக்காலம் முடியற வரைக்கும் ஆண்டவருக்காக டீயை விட்டிருக்கேன். ருசி பார்த்தாலும் குடிச்ச மாதிரிதானே?"

"டீக்கடை வச்சுக்கிட்டு டீயையா விட்டீங்க?"

"மத்தவங்க மாதிரி கறியை விட்டிருந்தா எனக்கு ஒரு கஷ்டமும் தெரிஞ்சிருக்காது சார். இதுதான் கஷ்டமா இருக்கு."

டீ கசக்கிறது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, "நல்லா இருக்கு" என்கிறேன்.

"நேத்தும் ஒருத்தர் இப்படித்தான் சொன்னாரு. அப்புறம் வந்தவங்க எல்லாம் பாதியிலயே கீழ ஊத்திட்டுப் போனாங்க."

"தூள் கொஞ்சம் தூக்கல்தான்" என்று ஒப்புக்கொள்கிறேன்.

பாலைக் கூட்டி இன்னொரு டீ ஆற்றுகிறார். எழும் ஆவியை மட்டும் ஒருமுறை ஆழமாக இழுத்துக்கொண்டு, என்னிடம் தருகிறார்.

"இப்ப ரொம்ப நல்லா இருக்கு." இந்த முறை உண்மையைத்தான் சொல்கிறேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்க்கிறார். பிறகு, அப்போதுதான் வந்து நின்ற தஞ்சாவூர் பஸ்ஸிலிருந்து இறங்கும் கண்டக்டரிடம் இன்னொரு கிளாஸை நீட்டுகிறார்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க."