பிரிக்காத சாஸ் போத்தல்

அன்னைக்கு வீட்ல இருந்தது நான். என் வீட்டுக்காரர். என் தங்கச்சி. வேற யாரும் இல்லை.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க நான் நாப்பத்தெட்டு நாள் விரதத்துல இருந்தேன். வீட்டுக்காரருக்குச் சக்கரைப் புண்ணு. காலை எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. கால் தங்குனா பால்குடம் எடுக்கிறேன்னு முருகன்கிட்ட சொன்னேன். கால் தங்கிடுச்சு.

தேயிலை வெட்டிட்டு வர எனக்கு நேரமாகிடும். அதனால விரதம் முழுக்கத் தங்கச்சிதான் சமைச்சா. எல்லாருக்கும் ஒரே சட்டி. கவுச்சி கிடையாதுன்னு பேச்சு.

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நானே தங்ஹூன் பிரட்டினேன். ஊறப்போட்டா கண்ணாடி மாதிரி ஆகுமே, சேமியா மாதிரி அந்த மெல்லிசு மீ. ஊறுனதும் கத்தரிக்கோலால நறுக்கிடணும், இல்லாட்டி கட்டியா வரும். கியா பார்ம் சந்தையில வாங்கின கோஸ், கேரட், பீன்ஸ். காய் அரை வேக்காடு ஆனதும் தங்ஹூனைப் போட்டேன். அது தண்ணிய உறிஞ்சிக்கிட்டே இருக்கும். கை விடாம கிளறணும்.

காளான் சாஸ் போத்தலை எடுத்தேன். விரதம் ஆரம்பிச்ச அன்னைக்கு நான் வாங்கி வச்சது. மூடி மேல சுத்தியிருந்த பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. திருப்பித் திருப்பிப் பாத்தேன். யாரும் பிரிக்கல.

அடுப்பைக் குறைச்சுட்டுத் தங்கச்சி பக்கம் திரும்பினேன்.

"இத்தன நாளா எதை ஊத்துன?"

முன் ரூம்ல இருந்து வீட்டுக்காரர்தான் சொன்னாரு.

"அந்தக் காளான் வாடையே எனக்கு ஆகாது லா. நான்தான் வேணாம்னேன்."

தங்கச்சி அரிசி கொட்டி வைக்கிற தோம்புக்குப் பின்னால கைய விட்டு இன்னொரு போத்தலை எடுத்து வச்சா. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். படம் தெரியும். சிப்பி. சிப்பிக் கறியில செய்யிற சாஸ். போத்தல் முக்கால்வாசி காலி.

"சிப்பிக்கு என்னக்கா, ரத்தமா இருக்கு? அத்தானும் சாப்பிடணும்ல?"

"அவருக்குத் தனியா ஊத்தியிருக்கலாம்."

"ரெண்டு சட்டி யாரு கழுவுறது?"

நான் முன் ரூமுக்குப் போனேன்.

"உங்களுக்குத் தெரியும்."

"சொன்னா நீ வீட்டையே ரெண்டாக்கிடுவ. முருகன் இதெல்லாம் கண்டுக்க மாட்டாரு லா."

"கால் யாருது?"

அவர் டிவி பக்கம் திரும்பிக்கிட்டாரு.

தங்ஹூன் அடி பிடிக்கப் பாத்துச்சு. ஒரு கை தண்ணி தெளிச்சேன். உப்பு மட்டும் போட்டு இறக்கினேன். ரெண்டு பேருக்கும் தட்டுல வச்சேன். சாப்பிட்டாங்க. சப்புனு இருக்குன்னு யாரும் சொல்லல. நான் சாப்பிடல.

"தெரியாம தின்னது பாவமாக்கா? நாளைக்குப் புதுசா ஆரம்பியேன்," தங்கச்சி சொன்னா.

சுவத்துல காலண்டரைப் பாத்தேன். விரல விட்டு எண்ணினேன்.

தைப்பூசத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான்.