என் வேலையைப் பறித்த எஞ்சின்

போன சனிக்கிழமை காலை, கேரி தீவுக்குப் போகும் வழியில், எனக்கு வேலை போய்விட்டது.

பதறாதீர்கள். இந்தப் பத்திரிகையில் பத்தி எழுதும் வேலை இல்லை. அது ஆசிரியர் மனம் வைக்கும்வரை ஓடும். போனது வேறு வேலை… எங்கள் காரில் ஏசி அடைக்கிற, அதாவது அணைக்கிற, வேலை.

சிரிக்கிறீர்களா? கஞ்சில் வைத்திருந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

மலாயில் கஞ்சில் என்றால் சருகுமான். நம் ஊர் சின்னக் காருக்கு அந்தப் பெயரை வைத்தவர் குசும்புக்காரராகத்தான் இருக்க வேண்டும். உருவத்தில் மான்குட்டி, சரி. ஓட்டத்தில்? அதைப் பற்றிப் பேச வேண்டாம். ஆனால் பெட்ரோல் அதிகம் குடிக்காது. பிரிக்பீல்ட்ஸில் பார்க்கிங் தேடி மற்றவர்கள் சுற்றிச் சுற்றி வரும்போது இது ஏதாவது ஓர் இடுக்கில் நுழைந்துவிடும். எந்தப் பட்டறையிலும் சாமான் கிடைக்கும். எங்களுடையது கல்யாண வயதைத் தாண்டிய கார். இன்றும் சாவியைத் திருப்பினால் முதல் தடவையிலேயே முனகிக்கொண்டு எழுந்துவிடும்.

ஒரே ஒரு குறை. ஏசியும் போட்டுக்கொண்டு, முன்னால் போகும் லோரியையும் முந்த முடியாது. எஞ்சினுக்கு இருப்பதே கொஞ்சம் தெம்பு. அதில் ஏசி தன் பங்கை எடுத்துக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கும்? அதனால் முந்தும் நேரத்தில் ஏசியை அடைக்க வேண்டும். முந்தி முடித்ததும் திரும்பப் போட வேண்டும். கார் ஓட்டுகிறவருக்கு அந்த நேரத்தில் கை ஓயாது. ஆகவே பக்கத்தில் இருப்பவர்தான் ஏசிக்குப் பொறுப்பு.

எங்கள் காரில் ஓட்டுகிறவர் என் மனைவி புஷ்பா. ஏசிக்குப் பொறுப்பு நான்.

முன்பு இது தலைகீழாக இருந்தது. என் கண் பார்வை மங்க ஆரம்பித்ததும், கண் டாக்டர் இனி ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். இருந்தாலும் அன்று வீட்டுக்கு வந்து, சாவியைப் புஷ்பா கையில் கொடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க வலப்பக்கம் உட்கார்ந்தவன் இடப்பக்கம் மாறி உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்பது மாறியவர்களுக்குத்தான் தெரியும். கால் தானாகப் பிரேக்கைத் தேடும். அங்கே வெறும் பாய்தான் இருக்கும்.

அந்த நிலையில் எனக்குக் கிடைத்த பதவி இந்த ஏசி பட்டன். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

புஷ்பா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். சனிக்கிழமைதோறும் கேரி தீவில் ஒரு தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாள். நானும் கூடப் போவேன். அவள் உள்ளே பின்னத்தைப் பிழிந்து ஊற்றும்போது நான் வெளியே ஒட்டுக்கடையில் தே தாரேக், அதாவது நுரை பொங்க ஆற்றிய டீ, குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீங்கள் படிக்கும் இந்தப் பத்தி பாதி நாள் அந்தக் கடை மேசையில்தான் பிறக்கிறது.

கிள்ளானிலிருந்து அங்கே போகும் சாலையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? போக ஒன்று, வர ஒன்று. முன்னால் எப்போதும் எண்ணெய் பிழியும் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரி. அது ஆடி அசைந்து போகும். எதிர்ப்பக்கம் கொஞ்சம் காலியானால், புஷ்பா கியரைக் குறைத்துவிட்டு "ஏசி!" என்பாள். ஒரே வார்த்தை. நான் அடைப்பேன். காருக்குள் புழுக்கம் ஏறும். லோரியின் டயர் என் காதோரம் உறுமும். அதைத் தாண்டி எங்கள் பாதைக்குத் திரும்பி, கார் மூச்சு வாங்கியதும் மறுபடி போடுவேன். வேலை நேரத்தில் நான் வேடிக்கை பார்ப்பதில்லை. கை பட்டன் மேல், கண் லோரி மேல்.

அப்படிப்பட்ட நான் போன மாதம் ஒரு சனிக்கிழமை சொதப்பிவிட்டேன்.

புஷ்பா "ஏசி!" என்றாள். நான் அமுக்கினேன். கார் இழுக்கவில்லை. லோரிக்குப் பக்கத்தில், பாதி தூரத்தில், அப்படியே திணறுகிறது. எதிரே ஒரு வேன் விளக்கை அடித்துக்கொண்டு வருகிறது. புஷ்பா பிரேக்கை மிதித்து, பின்வாங்கி, லோரியின் வாலுக்குப் பின்னால் காரை ஒடித்து நுழைத்தாள். வேன்காரர் ஹாரனிலேயே எங்கள் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார்.

குனிந்து பார்த்தேன். ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் அமுக்கியது பின்கண்ணாடியின் பனியைப் போக்கும் பட்டன். கிள்ளானில் எங்கே ஐயா பனி?

புஷ்பா திட்டவில்லை. கேரி தீவு வரை ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போதும் சொல்லவில்லை. கணக்கு டீச்சர் திட்டினால் பிழைத்துக்கொள்ளலாம். பேசாமல் இருந்தால் ஏதோ கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

விடை திங்கட்கிழமை வந்தது.

"காரைப் பட்டறைக்குக் கொண்டு போறேன். எஞ்சின் மாத்தணும். நீங்களும் வாங்க."

"இந்த வயசுல எதுக்கு நமக்கு வேகம்?"

"லோரி வயசு பார்த்தா வழி விடுது?"

எனக்குப் புரிந்துவிட்டது. ஏசியை அடைக்காமலே முந்துகிற எஞ்சின் வந்துவிட்டால் பக்கத்தில் ஆள் எதற்கு? ஸ்டீயரிங் ஏற்கெனவே போயாயிற்று. இனி பட்டனும் இல்லை என்றால், அந்தக் காரில் நான் யார்? பின்சீட்டில் கிடக்கும் கணக்குப் புத்தகப் பைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அதற்காவது வகுப்பில் வேலை இருக்கிறது. மனசு ரொம்ப வலித்தது. சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு புறப்பட்டேன்.

கிள்ளானில் அந்தப் பட்டறைக்குள் போனால் முதலில் பயமாக இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களின் முன்பாதிகள் வரிசையாக நிற்கும். டேஷ்போர்டோடு சரி, அதற்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. கேக் வெட்டுவது போல் வெட்டி அனுப்பியிருப்பார்கள். ஹாஃப் கட் என்பார்கள். அதில் இருக்கும் எஞ்சினை எடுத்துத்தான் நம் ஊர்ச் சின்னக் கார்களுக்கு மாட்டுகிறார்கள்.

முதலாளி இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பெர்மிட்டில் வந்திருக்கும் மாரிமுத்து என்ற மெக்கானிக் இருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். கார் விஷயம் என்றால் ஆம்பளையிடம்தான் பேச வேண்டும் என்று எவரோ சட்டம் போட்டிருக்கிறார்கள்.

"சொல்லுங்க சார், வண்டிக்கு என்ன பண்ணணும்?"

பதில் புஷ்பாவிடமிருந்து வந்தது. "லோரியை வெட்டணும்."

மாரிமுத்துவின் முகம் மாறியது. "லாரியையா மேடம்?"

"ஆமா. பெரிய லோரி. குலை ஏத்தினது."

"அது… யாரு லாரி மேடம்? உங்களுதா?"

"எங்களுது ஏன்? ரோட்டுல போறது எல்லாத்தையும்தான்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வெல்டிங் மெஷினைப் பார்த்தார். பிறகு பரிதாபமாக என்னைப் பார்த்தார். "சார், முதலாளி வெளிய போயிருக்காரு. இந்த மாதிரி வேலைக்கெல்லாம் நான் வர்றதில்ல சார்."

நான்தான் நடுவில் புகுந்தேன். தம்பி, எங்கள் ஊரில் வெட்டுவது என்றால் முந்துவது. மலாய்க்காரர்கள் முந்துவதைப் பொத்தோங் என்பார்கள். பொத்தோங் என்றால் வெட்டு. நாங்கள் அதை அப்படியே தமிழில் வைத்துக்கொண்டோம். மேடம் லோரியை ஒன்றும் செய்ய மாட்டார்கள்.

"ஓவர்டேக்கா!" மாரிமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் என்னமோ லாரியைத் தூக்கிட்டு வந்து பார்ட் பார்ட்டா பிரிக்கச் சொல்றீங்கன்னு…"

சிரித்து முடித்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு பாதிக் காரின் பானெட்டைத் திறந்தார். "இதைப் போட்டுருவோம் சார். டர்போ. மிதிச்சீங்கன்னா சீட்டோட ஒட்டிக்குவீங்க."

"டர்போ வேணாம்," என்றாள் புஷ்பா. "ரேஸுக்குப் போகல. ஆயிரம் சிசி, டர்போ இல்லாதது போதும். முன்னாடி பிரேக்கும் பெருசா மாத்துங்க. போற வேகத்துக்கு நிக்கணும்ல? அப்புறம் இன்ஸ்பெக்‌ஷன் போயி, ரிஜிஸ்ட்ரேஷன் கார்டுல எஞ்சின் நம்பர் மாத்தித் தரணும். இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் சொல்லியாகணும்."

எங்கே படித்தாள் இதையெல்லாம்? அந்த வார இறுதி முழுக்க அவள் ஃபோனும் கையுமாக இருந்தது நினைவுக்கு வந்தது. நான் ஏதோ சமையல் வீடியோ என்று நினைத்திருந்தேன்.

"சரி மேடம்," என்றார் மாரிமுத்து. பிறகு, பாவம், என்னையும் பேச்சில் சேர்த்துக்கொள்ள நினைத்து ஒன்று சொன்னார். "இனிமே ஃபுல் ஏசியில மேட்டுல ஏறலாம் சார். நீங்க ஏசி பட்டனைத் தொடவே வேணாம்."

தொடவே வேண்டாமாம். நல்ல மனுஷர். அவருக்கு என்ன தெரியும்?

எஞ்சின் மாறி, பிரேக் மாறி, பரிசோதனையெல்லாம் முடிந்து கார் வீட்டுக்கு வரும்வரை நான் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே பார்த்தால் அதே கஞ்சில். அதே மங்கிய பெயிண்ட், அதே கீறல். சாவியைத் திருப்பினால் மட்டும் முனகல் இல்லை.

போன சனிக்கிழமை புறப்பட்டோம். தெலோக் பங்லிமா காராங் தாண்டியதும் முன்னால் ஒரு லோரி. என் கை தானாகப் பட்டனுக்குப் போயிற்று.

"விடுங்க," என்றாள் புஷ்பா.

கார் சிரமமே இல்லாமல் லோரியைத் தாண்டியது. ஏசி ஜில்லென்று வந்துகொண்டிருந்தது. புஷ்பாவின் முகத்தில் சின்னப் பிள்ளைச் சிரிப்பு. நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மடியில் கைக்கு என்ன வேலை? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச தூரத்தில் இன்னொரு லோரி. நானும் காத்திருந்தேன்… முந்தவில்லை. எதிர்ப்பக்கம் காலியாக இருந்தும் முந்தவில்லை. லோரிக்குப் பின்னால் நிதானமாக இடைவெளி விட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன், வெட்டலையா?"

"அவசரம் என்னலா? வேணும்னா வெட்டிக்கலாம்."

யோசித்துப் பார்த்தேன். பழைய எஞ்சினில் ஒரு சந்து கிடைத்தால் விடவே மாட்டோம். அதை விட்டால் அடுத்தது எப்போது கிடைக்குமோ என்ற பயம். இப்போது எங்கே வேண்டுமானாலும் முந்தலாம் என்று தெரிந்தபின் அந்தப் படபடப்பு போய்விட்டது. நம்மில் எத்தனை பேர் தெம்பில்லாததால் மட்டுமே அவசரப்படுகிறோம்? கியூவில் இடிக்கிறவர், மீட்டிங்கில் கத்துகிறவர், கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு ஓடுகிறவர்… எல்லோருக்கும் உள்ளே ஒரு சின்ன எஞ்சின்தான் போலிருக்கிறது.

தத்துவம் கிடைத்ததே தவிர மனசு ஆறவில்லை. கேட்டே விட்டேன்.

"புஷ்பா, அன்னைக்கு நான் பட்டனை மாத்தி அமுக்கினேன். அதுக்குத்தானே இவ்வளவும்? என் கை மேல நம்பிக்கை போயிடுச்சு, இல்ல?"

அவள் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சாலையைப் பார்த்தாள்.

"பயந்துதான் போனேன், இல்லேங்கல. ஆனா அதுக்கில்லைங்க. நீங்க ஓட்டுறப்போ எவ்வளவு பேசுவீங்க? பினாங்கு வரைக்கும் வாய் ஓயாது. இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததுலேர்ந்து பட்டன் மேல கைய வச்சிக்கிட்டு, லோரியையே மொறைச்சிக்கிட்டு வரீங்க. போக வர ஒரு வார்த்தை கிடையாது. பக்கத்துல ஆள் இருந்தும் நான் தனியாதான் ஓட்டிக்கிட்டு இருந்தேன்." கியரை மாற்றினாள். "ஏசியை எஞ்சின் பார்த்துக்கும். நீங்க பேசிக்கிட்டு வாங்க. எனக்கு அது போதும்லா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

பிறகு ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு நாயில் தொடங்கி, சிலாங்கூர் தண்ணீர்த் தடை, என் முதல் முதலாளி, அவருடைய இரண்டாம் மனைவி என்று கேரி தீவுப் பாலம் ஏறி இறங்கும்வரை நிறுத்தவில்லை. திரும்பும்போது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். வீட்டு கேட் திறக்கும்போது அடுத்த வாரத்துக்கும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

நேற்று மாரிமுத்து ஃபோன் செய்தார்.

"சார், மேடம் முந்தாநாள் ஃபோன் பண்ணி வண்டி ரேடியோவுக்குப் பெரிய ஸ்பீக்கர் கேட்டாங்களே… எப்ப வந்து மாட்டிக்கிறீங்க?"