ஸ்தோத்திரச் சீட்டு

எங்கள் சபையில் வியாதியஸ்தர்களுக்காக ஜெபிக்கும்போது வியாதியையும் சேர்த்தே வாசிப்பார்கள். கர்த்தருக்கு விவரம் போதாமல் போய்விடக் கூடாது என்ற அக்கறையாக இருக்கலாம். ஆம்பூரில் நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், ஞாயிறு தவறாமல் அம்மாவின் பெயரும் அதையடுத்து “மார்பில் புற்றுநோய்” என்பதும் மைக்கில் வந்தன. “மார்பு” என்றதும் பக்கத்து வரிசைப் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியாக வேண்டும் என்பதைவிட, அந்தப் பட்டியலிலிருந்து அவள் பெயர் போக வேண்டும் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. இதை எழுதவே கூசுகிறது.

பெயர் போக இரண்டே வழிகள். ஒன்று சாவது. மற்றது, சுகமானதற்கு நன்றி சொல்லி ஸ்தோத்திரச் சீட்டு எழுதிப் பெட்டியில் போடுவது. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, “பூரண சுகம் கிடைத்ததற்காக ஸ்தோத்திரம்” என்று அம்மா பெயரில் எழுதி, ஆராதனைக்கு முன்னால் போட்டுவிட்டேன்.

போதகர் அதை வாசித்ததும் சபையே அல்லேலூயா என்றது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்திலேயே எல்லாம் எழுதி ஒட்டியிருந்திருக்கும்.

“ஒரு வார்த்தை சாட்சி சொல்லுங்கம்மா,” என்றார் போதகர்.

அம்மா முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மொட்டைத் தலையிலிருந்து நழுவிய முந்தானையை இழுத்துவிட்டாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

“எம் பொண்ணு எனக்காக ஜெபம் பண்றா. அதுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நான் அம்மாவுக்காக ஜெபித்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

அடுத்த ஞாயிறு பட்டியலில் அவள் பெயர் இல்லை. வெள்ளிக்கிழமை ஜெபிக்க வரும் பெண்களும் இல்லை, அவர்கள் கொண்டுவரும் சூப்பும் இல்லை. செவ்வாய்தோறும் வேலூர் ஆஸ்பத்திரிக்குத் துணை போகும் சபை அக்கா, “உங்களுக்குத்தான் சுகமாயிடுச்சேக்கா, சும்மா செக்கப்புதானே,” என்று வராமல் நின்றுவிட்டார். திரும்பும் பஸ்ஸில் அம்மா வாந்தியெடுப்பாள் என்பதும், அந்த அக்காதான் முதுகைத் தடவிக் கொடுப்பார் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஷூ கம்பெனியில் லீவு கிடைக்காத அப்பா சமையலறையில் எகிறினார்.

“பாஸ்டர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டு வர்றேன்.”

“சொன்னா, யார் எழுதுனதுன்னு கேப்பாங்க. சபை முன்னாடி புள்ள தலைகுனிஞ்சி நிக்கணுமா? வேணாங்க. நானே போய்ட்டு வர்றேன்.”

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அழுகை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது.

செவ்வாய் காலையில் அம்மா கைப்பைக்குள் நான்கைந்து பிளாஸ்டிக் கவர்களை மடித்து வைத்தாள்.

“எதுக்கும்மா இவ்ளோ கவரு?”

“வழியில ஆரஞ்சு வாங்கலாம்னுதான்.”

சாயங்காலம் தனியாகத் திரும்பி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். ஓடிப்போய்ப் பையைத் திறந்து பார்த்தேன். ஆரஞ்சும் இல்லை, ஒரு கவர்கூட மிச்சமில்லை. என்னை ஏமாற்றிவிட்டாள் என்று கோபித்துக்கொண்டு, படுக்கப் போகும்வரை நான் அவளோடு பேசவில்லை.